மறுமொழி: ஃபாலிக்குலர், லூட்டியல் நிலைகளுக்கு என்ன சொல்லலாம்?

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு பொண்ணுங்களுக்கு மாதவிடாய் சுழற்சி பத்தி கையேடு ஒண்ணு தயாராகுது, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். கருமுட்டை, ஹார்மோன், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் எல்லாம் அப்படியே வச்சுட்டேன். ஃபாலிக்குலர் நிலை (கருமுட்டை வளர்ந்து வெளிய வர்ற வரைக்கும்), லூட்டியல் நிலை (அதுக்கப்புறம் அடுத்த மாதவிடாய் வரைக்கும்) ரெண்டுக்கு மட்டும் சொல் வேணும், வாசிச்சதும் புரியற மாதிரி.

---

அம்மா, முதல்ல கருமுட்டையை எடுங்க. விந்தணு சேர்ந்த பிறகுதானே கரு? சூல்முட்டைன்னு போடுங்க. ஹார்மோனுக்கு இயக்குநீர் இருக்கு. 1905ல ஸ்டார்லிங் அந்தப் பேரை வச்சதே தூண்டி இயக்குறதுங்கற கிரேக்க வினையில இருந்துதான். ஃபாலிக்கிள், அதாவது முட்டை வளர்ற சின்னப் பை, நுண்பை. முட்டை வெளிய போனதும் அந்தப் பை மாறி உருவாகுற கார்பஸ் லூட்டியத்துக்கு இலங்கையில மஞ்சட்சடலம்னு எழுதுறாங்க. ஆக நுண்பை நிலை, மஞ்சட்சடல நிலை.

---

ஐயா, சூல்னாலும் கர்ப்பம்தானே, சூலின்னா கர்ப்பிணி, அப்புறம் கருமுட்டை மட்டும் என்ன தப்பு பண்ணுச்சு? இயக்குநீர்ல இயக்கு சரி, நீர் எங்க இருக்கு, புரோஜெஸ்டிரான் கொழுப்பு சார்ந்த ஸ்டீராய்டு வகை. சடலம் வேண்டவே வேண்டாம். இலங்கையில அது உடல்னு பழகியிருக்கலாம், இங்க பிணம். மாசாமாசம் உனக்குள்ள ஒரு சடலம் உருவாகுதுன்னு பதினாலு வயசுப் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது? அந்த மஞ்சளும் எல்லா உயிருக்கும் ஒரே மாதிரி இல்லை, மாட்டுக்குப் பளிச்சுன்னு இருக்கும், செம்மறியாட்டுக்கும் பன்றிக்கும் வெளிறித்தான் இருக்கும்.

என்கிட்ட வர்ற பொண்ணுங்க கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், டாக்டர் ஏன் நாள் தள்ளிப்போகுது. பெரும்பாலும் தள்ளிப்போறது முன்பாதி, அதாவது கருமுட்டை வளர்ந்து வெளிய வர எடுத்துக்குற காலம், மனக்கவலை, எடை குறையறது எல்லாம் அதைத்தான் இழுக்கும். வெளிய வந்துட்டா அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய 14 நாள், அது அவ்வளவா மாறாது. புரோஜெஸ்டிரான் அதுவரைக்கும் கருப்பை உள்படலத்தைப் பிடிச்சு வைக்கும், அது குறைஞ்சதும் உதிரம். இந்த விஷயம் பேர்லயே தெரியணும். அதனால முட்டை வளர்நிலை, காத்திருப்பு நிலை.

---

டாக்டர், வளர்நிலை நல்லா இருக்கு. காத்திருப்பு கூடாது. எதுக்குக் காத்திருக்கு, குழந்தைக்கா? படிக்கிற புள்ளையோட உடம்பை ஒரு கர்ப்பத்துக்காகக் காத்திருக்குற உடம்பா எழுதாதீங்க. பிடிச்சு வைக்கும்னு நீங்களே சொன்னீங்களே, தாங்குநிலைன்னு வைக்கலாம்.

---

தொல்காப்பியம் கற்பியல்ல "பூப்பின் புறப்பாடு ஈராறு நாளும்" கணவன் மனைவியைப் பிரிஞ்சு இருக்கிறது அறம் இல்லைன்னு வருது, பூப்புன்னா அங்க மாதவிடாய். உரையாசிரியர் இளம்பூரணர் அதைக் கருத்தோன்றும் காலம்னு விளக்குறார். பூப்பு தொடங்கின நாள்ல இருந்து எண்ணினா பன்னிரண்டாம் நாளோட முடிஞ்சுரும், மூணு நாள் கழிச்சு எண்ணினா பதினஞ்சு வரைக்கும் வருது, கருமுட்டை வழக்கமா வெளிவர்ற ஏறக்குறைய 14ஆம் நாள் உள்ள அடங்கிடுது. அப்படிப்பட்ட மொழியில பூப்புன்னு ஒரு வேர் இருக்கறப்ப முன்பூப்பு, பின்பூப்புன்னு ஏன் யோசிக்கக்கூடாது?

---

ஐயா, பூப்புன்னா இப்ப வயசுக்கு வர்றது மட்டும்தான், புள்ளைங்க குழம்பிடும்.

---

எல்லாருக்கும் நன்றி. வளர்நிலைக்குப் பெரும்பாலானவங்க சரின்னுட்டீங்க, அதைப் போடுறேன். இன்னொண்ணுக்கு தாங்குநிலை, பக்கத்துல லூட்டியல் நிலைன்னும் சேர்த்துடுறேன், பரீட்சையில அப்படித்தான் கேப்பாங்க. ஹார்மோன் ஹார்மோனாவே இருக்கட்டும்.

---

தாங்குநிலைன்னா மரமா, கம்பமா? கூட்டத்தோட முடிவு அதுன்னா சரி அம்மா, ஆனா என் மறுப்பு இருக்கு. நுண்பையை விடாதீங்க, அது உறுப்போட பேரு, அடுத்த பதிப்புல பேசுவோம்.