புதுப்பிப்பு: கிறிஸ்துமஸ் இரவு ஆராதனைக்குத் தனியாகப் போய் வந்தேன்

அம்மா இறந்த பிறகு வரும் முதல் கிறிஸ்துமஸ் இது என்றும், யாரையும் தெரியாத ஓர் ஆலயத்துக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருக்கிறது என்றும் சென்ற வாரம் எழுதியிருந்தேன். கடைசி வரிசையில் உட்காருங்கள், முடியாவிட்டால் எழுந்து வந்துவிடலாம் என்று உங்களில் பலர் சொன்ன தைரியத்தில், டிசம்பர் 24 இரவு ஆராதனைக்குப் போனேன்.

கடைசி வரிசை நிரம்பியிருந்தது. சுவரோரம் நின்ற என்னைக் கண்ட ஒரு மூதாட்டி, எதுவும் கேட்காமல் தன் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பேரனை நகரச் சொல்லி இடம் கொடுத்தார். பிறகு லூக்கா நற்செய்தியின் 2ஆம் அதிகாரம் வாசிக்கப்பட்டபோது, சத்திரத்தில் இடமில்லாமல் பிள்ளை இயேசுவை முன்னணையில், அதாவது மாட்டுத் தீவனத் தொட்டியில், கிடத்திய பகுதி இதுவரை இல்லாத நெருக்கத்தில் காதில் விழுந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் ஒவ்வொன்றாக ஏற்றப்படும் திருவருகைக் கால வளையத்தின் நான்கு மெழுகுவர்த்திகளோடு நடுவிலிருந்த வெள்ளை மெழுகுவர்த்தியும் ஏற்றப்பட்டு, அதிலிருந்து சுடர் வரிசை வரிசையாகக் கைமாறி வந்தது. கை நடுங்கியதில் என் திரி பற்றவில்லை. அந்தச் சிறுவன் தன்னுடையதை அசையாமல் நேராகப் பிடித்தபடி, "உங்களுதைச் சாய்ங்கக்கா, எரியறதைச் சாய்ச்சா மெழுகு கொட்டிடும்" என்றான்.

ஆராதனை முடிந்ததும் அழுதுவிட்டேன். மூதாட்டி ஆறுதல் மொழி எதுவும் சொல்லவில்லை. அம்மாவின் பெயர் என்ன என்று மட்டும் கேட்டார். இத்தனை மாதங்களில் இரங்கல் சொன்னவர்கள் அநேகர். பெயரைக் கேட்டவர் அவர் ஒருவரே. ஞாயிற்றுக்கிழமை எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்; போகிறேன்.