கிருஷ்ணகிரியிலிருந்து மார்மன் ஊழியத்துக்கு வெளிநாடு: என்ன தயார் பண்ணணும்?

கேள்வி: தம்பிக்கு 19 வயசு. மார்மன் சபையிலிருந்து (அமெரிக்காவுல தோன்றின ஒரு கிறிஸ்தவ சபை) ஆப்பிரிக்காவுல ஊழியம் செய்ய அழைப்பு வந்திருக்கு. வீட்டோட பேச விடுவாங்களா? இங்க என்னென்ன முடிக்கணும்?

பதில் 1: பையன்களுக்கு ஊழியம் 24 மாசம். 2019-லிருந்து வாரம் ஒருதடவை, துணி துவைக்கிற மாதிரி சொந்த வேலைக்குன்னு விடுற நாள்ல வீட்டுக்குப் பேசலாம். எப்பவும் இன்னொரு ஊழியரோட ஜோடியாத்தான் இருக்கணும்; கடைக்குக்கூடத் தனியா போகக்கூடாது.

பதில் 2: முதல்ல பாஸ்போர்ட். அது செல்லுபடியாகிற காலம் 30 மாசத்துக்குக் கம்மியா இருந்தா இப்பவே புதுப்பிங்க. மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிளம்புறதுக்கு 10 நாள் முன்னாடியே போட்டுடணும். சான்றிதழ் அதுக்கப்புறம்தான் செல்லும். எல்லா ஆஸ்பத்திரியிலயும் போட மாட்டாங்க, அங்கீகரிச்ச மையம்தான். கடைசி வாரம் ஓடினா விமான நிலையத்துல மாட்டிக்குவீங்க.

பதில் 3: சொந்தக்காரங்க காபித்தூள் கட்டிக் கொடுப்பாங்க, வாங்காதீங்க, டீ, காபி அந்தச் சபையில ஆகாது. கேழ்வரகு மாவு கொடுக்கிறதா இருந்தா வறுத்துக் கொடுங்க. பச்சை மாவு வண்டு வச்சிடும்.