தோல் உரித்த கையோடு சாகும் ஸ்காம்பி குஞ்சுகள்

இடம் திருத்துறைப்பூண்டி பக்கம். 10 டன் தார்ப்பாய்த் தொட்டி, 5,000 ஸ்காம்பி (நன்னீர் இறால்) குஞ்சு, விட்டு 18 நாள். நாலு நாள் அடைமழை தொட்டிக்குள்ளேயே இறங்கியது. அதிலிருந்து தினமும் 30, 40 சாவு. எல்லாமே தோல் உரித்தவை. ஓடு கெட்டிப்படவில்லை, தொட்டால் தண்ணீர்ப்பை மாதிரி. வால் வெளுக்கவில்லை, எனவே வெள்ளை வால் நோயாகத் தெரியவில்லை.

உப்பு 0, கடினத்தன்மை (கால்சியம், மெக்னீசியம் அளவு) லிட்டருக்கு 22 மி.கி., பிஎச் 7.8, விடியற்காலை ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மி.கி. புதுத்தோல் வழியே தண்ணீர் உள்ளே ஏறும். இழக்கும் சோடியத்தைச் செவுள் வெளிநீரிலிருந்துதான் இழுக்க வேண்டும். இந்த நீரில் இழுக்க என்ன இருக்கிறது?

சுண்ணாம்புக்கல் தூள் 1 கிலோ போட்டாயிற்று. இந்தப் பிஎச்சில் சரியாகக் கரையாமல் அடியில் கிடக்கிறது. தீவனம் பாதி. வாய்க்கால் தண்ணீர் 30 சதவீதம் மாற்றியும் சாவு நிற்கவில்லை.

போர்வெல் தண்ணீர் 3 பிபிடி (லிட்டருக்கு சுமார் 3 கிராம் உப்பு). அதைக் கலந்து 1 பிபிடிக்கு ஏற்றுவதா, ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) கரைத்துக் கால்சியத்தை மட்டும் ஏற்றுவதா?