வைல்டில் பழைய கார்டுகளை மாற்றுவது சரியா? நம் போட்டிக்கு என்ன விதி வைக்கலாம்?

மஞ்சக்குப்பம்_வாரியர்:

வணக்கம் மக்களே. கடலூர், பாண்டி இரண்டு ஊரிலும் இருக்கிற ஹார்த்ஸ்டோன் (கம்ப்யூட்டரில், போனில் ஆடும் கார்டு கேம்) ஆட்கள் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பாண்டியில் சின்னதாக ஒரு போட்டி வைக்கலாம் என்று இருக்கிறோம். வைல்ட் ஃபார்மட்தான், அதாவது பழையது புதியது எல்லாக் கார்டும் செல்லும். எங்களில் பாதிப் பேர் காலேஜ் காலத்தில் ஆடிவிட்டு நடுவில் விட்டவர்கள், கையில் இருப்பதெல்லாம் பழைய கார்டு, புது செட் வாங்கி, சமீபத்திய செட் மட்டும் செல்லும் ஸ்டாண்டர்டு ஆடச் சொன்னால் பாதிக் கூட்டம் வராது.

விதி பேச உட்கார்ந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. ஸ்டாண்டர்டை விட்டு வெளியே போன கார்டுகளை கம்பெனி திரும்பவும் தொடலாமா கூடாதா என்று ஒரு மணி நேரம் வாக்குவாதம். தொடக் கூடாது என்பது என் கட்சி. வருஷக்கணக்கில் ஒரே டெக்கை (கார்டுக் கட்டை) ஆடுகிறவனுக்கு அதில் இருக்கிற கார்டு எத்தனை மானா (அதை இறக்க ஆகும் விலை), எத்தனை தாக்குதல், எந்த டர்னில் எதனோடு சேர்த்துப் போட வேண்டும் என்பதெல்லாம் விரலில் ஏறியிருக்கும். அதில் எழுதியிருப்பதையே ஒருநாள் மாற்றி வைத்தால் அவன் கற்றுக்கொண்டதை எல்லாம் பிடுங்கிக்கொண்ட மாதிரிதான். என் சித்தப்பா பையன் வேறொரு கார்டு கேம் ஆடுகிறான், பெயர் வேண்டாம். மாதக்கணக்கில் சேர்த்து ஒரு கார்டு எடுத்தான், அடுத்த பேட்சில் (கேம் அப்டேட்டில்) அதன் பலத்தைப் பாதியாக்கிவிட்டார்கள், பதிலுக்கு ஒன்றும் தரவில்லை. அதோடு அந்தக் கேமையே விட்டுவிட்டான்.

ரொம்பப் பலமான கார்டு என்றால் தடை செய்யட்டும், எழுத்தை ஏன் மாற்ற வேண்டும்? அனுபவசாலிகள் சொல்லுங்கள். நம் போட்டிக்கு நாமே சில கார்டுகளைத் தடை செய்யலாமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை_மேஜ்:

தம்பி, உன் வருத்தம் நியாயம்தான். ஆனால் "தொடவே கூடாது" என்பதை ஏற்க முடியாது. ஸ்டாண்டர்டில் பழைய செட் வருஷா வருஷம் வெளியே போய்விடும். வைல்டில் எதுவும் போகாது, வந்துகொண்டேதான் இருக்கும். புதிதாக வருகிற ஒவ்வொரு கார்டும் இதுவரை வந்த அத்தனை கார்டோடும் ஜோடி சேரலாம். அதனால் பழைய கார்டை யாரும் தொடாமலேயே அது மாறிவிடும்.

நாகா ஸீ விட்ச் கதை தெரியுமா? 2015-ல் லீக் ஆஃப் எக்ஸ்ப்ளோரர்ஸ் செட்டில் வந்த கார்டு. 5 மானா, அது களத்தில் இருக்கிற வரைக்கும் உன் கார்டுகள் எல்லாம் 5 மானா, அவ்வளவுதான். யாரும் சீண்டவில்லை. 2017-ல் விலையைக் கணக்குப் போடும் வரிசையை மாற்றினார்கள். முதலில் விலை 5 ஆகும், அப்புறம் அந்த 5-இலிருந்து ஜயண்ட் கார்டுகளின் (விலை அதிகம், ஆனால் ஆட்டத்தின் நிலைமையைப் பொறுத்து விலை குறையும் பெரிய கார்டுகள்) சொந்தத் தள்ளுபடி கழியும். அவ்வளவுதான், 8/8 (8 தாக்குதல், 8 உயிர்) ஜயண்டுகள் எல்லாம் சும்மா, ஒரே டர்னில் களம் நிறைய. கார்டில் எழுதியிருந்ததில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஆட்டமே இல்லை. 2018 மே மாதம் அதை 8 மானா ஆக்கின பிறகுதான் வைல்ட் ஆடுகிற மாதிரி ஆனது. தொடக் கூடாது என்று விட்டிருந்தால் உன் வாரியர் கிளாஸ் (நாம் எடுத்து ஆடுகிற பாத்திரம்) டெக்கை எங்கே கொண்டுபோய் ஆடியிருப்பாய்?

பார்ன்ஸும் அப்படித்தான். 2016 கராஸான் செட் கார்டு, 4 மானா, உன் டெக்கில் இருக்கிற ஏதோ ஒரு மினியனின் (களத்தில் நின்று அடிக்கிற கார்டு) நகலை 1/1 ஆக இறக்கும். ஸ்டாண்டர்டில் இருந்தவரை அதிர்ஷ்டக் கார்டு. வைல்டில் ப்ரீஸ்ட் கிளாஸுக்கு உயிர்ப்பிக்கிற ஸ்பெல் குவிந்த பிறகு, டெக்கில் பெரிய மினியனை மட்டும் வைத்துக்கொண்டு பார்ன்ஸ் போட்டால், செத்துப்போன அந்த 1/1 முழு உருவத்தில் திரும்பத் திரும்ப எழுந்து வரும். 4-ஆவது டர்னில் எதிராளி பார்ன்ஸைப் போட்டுவிட்டால் நம்மில் பலர் ஆட்டத்தை விட்டுக்கொடுத்திருக்கிறோம். 2019 ஆகஸ்டில் 5 மானா ஆக்கினார்கள். ஸ்டாண்டர்டை விட்டுப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆன கார்டு அது. வைல்டுக்காகவே வந்து திருத்தினார்கள் என்பதை நான் நல்லது என்றுதான் சொல்வேன். நம்மைக் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் பெரிய அநியாயம்.

முத்தியால்பேட்டை_காம்போ:

அண்ணே, நீங்கள் சொன்ன இரண்டிலும் மானாவைத்தான் மாற்றினார்கள், கார்டு கார்டாகவே இருந்தது. வார்சாங் கமாண்டரை ஏன் விட்டுவிட்டீர்கள்?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 3 அல்லது அதற்குக் குறைந்த தாக்குதல் உள்ள மினியனை நீங்கள் இறக்கினால் அதற்கு சார்ஜ் கொடுக்கும், அதாவது இறங்கிய டர்னிலேயே அடிக்கலாம். அதை வைத்துத்தான் 2015-ல் க்ரிம் பேட்ரன் டெக் எழுந்தது. ஆடக் கஷ்டமான டெக் அது, எதை முதலில் இறக்குவது, எதை எதன்மேல் மோத விடுவது என்று டர்ன் நேரம் முடிகிற வரைக்கும் கணக்குப் போட வேண்டும். பலம் அதிகம், மறுக்கவில்லை. ஆனால் 2015 அக்டோபரில் அவர்கள் செய்தது என்ன? சார்ஜ் கொடுப்பதையே எடுத்துவிட்டு, "சார்ஜ் உள்ள உங்கள் மினியன்களுக்கு +1 தாக்குதல்" என்று எழுதிவைத்தார்கள். பெயரும் படமும் அப்படியே, உள்ளே வேறு கார்டு. அதற்கப்புறம் அதை டெக்கில் வைத்து ஆடின ஆளை நான் பார்த்ததில்லை.

நஷ்டஈடு விஷயத்தை இங்கேதான் கவனிக்க வேண்டும். நெர்ஃப் ஆன (பலம் குறைத்த) கார்டை இரண்டு வாரத்துக்குள் உடைத்தால் முழு டஸ்ட் (வேறு கார்டு செய்ய உதவும் தூள்) கிடைக்கும் என்பது அவர்கள் வழக்கம். லெஜண்டரி (ரொம்ப அரிய கார்டு) என்றால் சாதாரணமாக 400 டஸ்ட் வரும் இடத்தில் 1600. கேட்கப் பெரிய மனசாகத்தான் தெரியும். ஆனால் வார்சாங் கமாண்டர் எல்லாருக்கும் சும்மா கிடைத்த பேஸிக் கார்டு, உடைக்கவே முடியாது, டஸ்ட் பூஜ்யம். க்ரிம் பேட்ரன் அட்வென்ச்சரை ஆடி முடித்தால் கிடைக்கிற கார்டு, அப்போது அதையும் உடைக்க முடியாது. அந்த டெக்குக்காக டஸ்ட் கொட்டிச் செய்த ஃப்ராத்திங் பெர்செர்க்கர் மாதிரிக் கார்டுகளோ நெர்ஃப் ஆகவில்லை, அதனால் அதற்கும் முழு டஸ்ட் கிடையாது. ஒரு கார்டை மாற்றினால் சாவது அந்தக் கார்டு மட்டும் இல்லை, அதைச் சுற்றிக் கட்டின 30 கார்டும்தான். எனக்குத் தெரிந்து அதற்கு இதுவரை எந்தக் கம்பெனியும் கணக்கு வைக்கவில்லை.

சில்வர்பீச்_ரோக்:

போட்டி எந்த ஞாயிறு என்று சீக்கிரம் சொல்லுங்கள். காந்தி வீதி சந்தைப் பக்கம் இடம் பார்க்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமை அங்கே வண்டி நிறுத்தவே முடியாது. நல்ல வைஃபை, நாலைந்து ப்ளக் பாயிண்ட் இருக்கிற இடம் போதும்.

நெல்லிக்குப்பம்_ட்ரூயிட்:

நான் ட்ரூயிட் கிளாஸ் மட்டுமே ஆடினவள், அதனால் 2016 ஏப்ரல் பற்றி நான் பேசியே ஆக வேண்டும். ஸ்டாண்டர்டு, வைல்ட் என்று பிரித்த அந்த நேரத்தில் ஒரே மூச்சில் 12 பழைய கார்டுகளை மாற்றினார்கள். ஃபோர்ஸ் ஆஃப் நேச்சர் 6 மானா, சாவேஜ் ரோர் 3 மானா, மொத்தம் 9 மானாவில் காலியான களத்திலிருந்து 14 அடி. என் கையில் அந்த இரண்டு கார்டும் வந்து சேர்ந்த ஆட்டங்களில் எதிராளி எத்தனை கவனமாக ஆடினாலும் பலன் இருக்காது. அதை எடுத்தது சரி என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். புது செட் எது வந்தாலும் ட்ரூயிட் என்றால் அதே டெக்தான் என்று ஆகியிருந்தது.

ஆனால் அதோடு நிறுத்தவில்லை. ஏன்ஷியண்ட் ஆஃப் லோர் 2 கார்டு எடுத்துக்கொண்டிருந்தது, 1 ஆக்கினார்கள். கீப்பர் ஆஃப் தி க்ரோவ் 2/4 ஆக இருந்தது, 2/2 ஆனது. அந்த இரண்டு கார்டு காம்போவை உடைத்த பிறகு இந்த இரண்டையும் அடிக்க வேண்டிய அவசியம் எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஒன்றைச் செய்துவிட்டு நாலு மாதம் பார்த்திருக்கலாம்.

அந்த 12-இல் மோல்டன் ஜயண்டும் ஒன்று. 20 மானாவிலிருந்து 25 ஆக்கினார்கள். 2018-ல் அதை ஹால் ஆஃப் ஃபேமுக்கு, அதாவது வைல்டுக்கு மட்டும் என்று அனுப்பும்போது திரும்பவும் 20 ஆக்கிவிட்டார்கள். தம்பி கேட்டதற்கு என் பதில் இதுதான். ஒரு கார்டை ஸ்டாண்டர்டுக்காகக் குறைத்தீர்களா, சரி. அது ஸ்டாண்டர்டை விட்டுப் போகிற அன்று பழைய உருவத்தைத் திருப்பிக் கொடுங்கள். வைல்டில் அது தொல்லை கொடுத்தால் அப்போது வைல்டுக்காகத் தனியாகப் பாருங்கள். பிற்பாடு வேறு சில கார்டுகளுக்கும் நெர்ஃபைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள், ஆனால் அதை ஒரு விதியாக முன்கூட்டியே சொல்லி வைத்தால் எங்களுக்கு எத்தனை நிம்மதியாக இருக்கும்! நெர்ஃப் வருகிற அன்று கோபம் வந்தாலும், காத்திருந்தால் கார்டு திரும்ப வரும் என்று நம்பி வைத்திருப்போம், உடைக்க மாட்டோம். காம்போ தம்பி சொன்ன 30 கார்டு கணக்குக்கும் இதைவிட நல்ல நஷ்டஈடு எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் டெக்கே திரும்பக் கிடைக்கிறது.

பாதிரிப்புலியூர்_பழையவன்:

தடை செய், எழுத்தை மாற்றாதே என்று கேள்வி கேட்டவர் சொல்கிறார். அது காகிதக் கார்டு வழி. 1993-ல் வந்த மேஜிக் என்ற காகிதக் கார்டு கேம் பெரும்பாலும் அப்படித்தான் ஓடுகிறது, அச்சடித்து வீட்டில் இருக்கிற கார்டை யார் போய் மாற்றுவது? அதே மேஜிக் கம்ப்யூட்டருக்கு வந்து, அரீனா என்ற அதன் கம்ப்யூட்டர் வடிவத்தில் 2021 டிசம்பரில் ஆல்கெமி ஃபார்மட் ஆரம்பித்தபோது மாற்றின வடிவத்தைத் தனியாக வைத்தார்கள். உங்களிடம் அந்தக் கார்டு இருந்தால் அசல், மாற்று இரண்டும் உங்களுடையது, எந்த ஃபார்மட் என்பதைப் பொறுத்து எது வரும் என்று முடிவாகும். ஆனால் கார்டைத் தடை செய்தால் வழக்கமாகக் கிடைக்கிற வைல்ட்கார்டு (வேண்டிய கார்டாக மாற்றிக்கொள்ளலாம்) இதற்குக் கிடையாது, கார்டு உங்களிடமேதான் இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். அதில் பலருக்குக் கோபம். எனக்கும்தான். காசு போட்டது ஆல்கெமியில் ஆடுவதற்காக என்றால் அசல் பெட்டியில் கிடந்து என்ன பயன்?

எனக்குப் பிடித்தது க்வெண்ட் என்ற கார்டு கேமின் வழி. 2023-ல் புதுக் கார்டு போடுவதை நிறுத்தியதோடு, கார்டின் பவரையும் ப்ராவிஷனையும் (டெக்கில் வைக்க ஆகும் விலை) ஏற்றுவது இறக்குவது எல்லாம் ஆட்டக்காரர்கள் ஓட்டுக்கு விட்டுவிட்டார்கள். பேலன்ஸ் கவுன்சில் என்று பெயர். எழுத்தை மாற்ற முடியாது, எண்ணை மட்டும் ஒன்று ஒன்றாக. யாரும் சீண்டாத கார்டு ஓட்டு வாங்கி மெல்ல மேலே வருவதைப் பார்ப்பதே சந்தோஷம். பெரிய பெரிய மாற்றம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹார்த்ஸ்டோனிலேயே உதாரணம் இருக்கிறது: லூனாஸ் பாக்கெட் கேலக்ஸி என்ற கார்டை 2019 ஜூனில் 7-இலிருந்து ஒரேயடியாக 5 மானா ஆக்கினார்கள், ஆகஸ்டில் திரும்ப 7. நடுவில் 6 என்று ஓர் எண் இருந்தது.

நெர்ஃப் பற்றியே எல்லாரும் பேசுகிறீர்கள், வைல்டில் ஆயிரக்கணக்கான கார்டு தூங்குகிறது, அதை எழுப்பச் சொல்லி யாராவது கேளுங்கள்.

மஞ்சக்குப்பம்_வாரியர்:

எல்லாருக்கும் நன்றி. நாகா ஸீ விட்ச் விஷயம் எனக்குத் தெரியாது, அந்தக் காலத்தில் நான் ஆடவில்லை. கார்டு மாறாமலேயே மாறும் என்று லாஸ்பேட்டை அண்ணன் சொன்னதை யோசித்துப் பார்த்தேன், மானாவை மாற்றுவதற்கு இனி நான் எதிர்ப்பு இல்லை. எழுத்தை மாற்றுவதற்கு எதிர்ப்பு அப்படியே இருக்கிறது. நெல்லிக்குப்பம் அக்கா சொன்னதை எங்கள் குழுவிலும் போட்டேன், அதற்கு மட்டும் ஒருவர்கூட மறுப்பு சொல்லவில்லை.

போட்டிக்கு என்ன செய்வது? கார்டு தடை வேண்டுமா, வேண்டாமா?

லாஸ்பேட்டை_மேஜ்:

கார்டைத் தடை செய்யாதே தம்பி, ஃப்ரெண்ட்லி மேட்சில் கேம் அதைக் கண்டுபிடித்துத் தராது, ஒவ்வொரு டெக்காகத் திறந்து பார்த்துக்கொண்டு நீ உட்கார்ந்திருக்க வேண்டும், கடைசியில் சண்டைதான். கான்க்வெஸ்ட் முறை வை. ஆளுக்கு 3 டெக், மூன்றும் வேறு வேறு கிளாஸ், ஆட்டம் தொடங்குமுன் எதிராளியின் ஒரு டெக்கை நீ தடுக்கலாம், மிச்சம் இரண்டிலும் ஜெயிக்க வேண்டும். எது தாங்க முடியாத டெக்கோ அதை அவரவர் தடுத்துக்கொள்வார்கள். டெக் கோடுகளை (டெக்கில் என்னென்ன கார்டு என்று காட்டும் குறியீடு) சனிக்கிழமை இரவுக்குள் அனுப்பச் சொல். நடுவில் பேட்ச் வந்து ஏதாவது கார்டு மாறினால், அந்தக் கார்டு உள்ள டெக்கை மட்டும் காலையில் மாற்றிக்கொள்ளலாம் என்று முதலிலேயே எழுதிவிடு.

சில்வர்பீச்_ரோக்:

3 டெக் என்றால் நான் வருகிறேன். கடலூரிலிருந்து வருகிறவர்கள் சேர்ந்து ஒரே பஸ்ஸில் போகலாம், பெயர் கொடுங்கள்.