தாய், துணை நிறுவனங்களுக்கு இடையிலான கொடுக்கல் வாங்கல்: நீக்கிய பிறகும் ஒட்டிக்கொண்டிருப்பவை (அனுபவப் பகிர்வு)

பேரேட்டுவாசி

ஒரே குழுமத்துக்குள் விற்றது, வாங்கியது, கடன் கொடுத்தது எல்லாவற்றையும் ஒருங்கிணைந்த அறிக்கையில் (தாயையும் துணைகளையும் ஒரே நிறுவனமாகக் காட்டும் கணக்கில்) கழிக்கும்போது நீங்கள் சந்தித்ததை இங்கே எழுதுங்கள். விதி எல்லோருக்கும் மனப்பாடம்தான். சர்வதேச நிதி அறிக்கைத் தரமான ஐஎஃப்ஆர்எஸ் 10 உள்குழுமச் சொத்து, பொறுப்பு, வருமானம், செலவு, பணப்பாய்வு அனைத்தையும் முழுதாக நீக்கச் சொல்கிறது. நீக்குவதற்கு ஒரு ஜர்னல் (பற்று வரவுப் பதிவு) போதும். நீக்கிய பிறகு அங்கங்கே ஒட்டிக்கொண்டிருப்பதைச் சுரண்டி எடுப்பதில்தான் வேலையே இருக்கிறது.

நான் பார்த்த ஒன்றோடு தொடங்குகிறேன். தாய் நிறுவனப் புத்தகத்தில் துணை நிறுவனத்திடமிருந்து வரவேண்டியது 840. துணை நிறுவனப் புத்தகத்தில் தரவேண்டியது 790. (ஆயிரமா லட்சமா என்று கேட்காதீர்கள், எண்ணை மட்டும் பாருங்கள்.) வித்தியாசம் 50. அறிக்கை கொடுக்கவேண்டிய நாள் நெருங்கிவிட்டது. "சஸ்பென்ஸில் போட்டு மூடுங்கள், அடுத்த காலாண்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்று மேலிடம் சொல்லிவிட்டது. சஸ்பென்ஸ் என்றால் விளக்கம் தெரியாத வித்தியாசத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் கணக்கு. மொத்தச் சொத்தோடு ஒப்பிட்டால் 50 ஒன்றுமே இல்லை என்பது அவர்கள் வாதம்.

அந்த 50-ஐ உடைத்துப் பார்த்தோம். 12 என்பது துணை நிறுவனம் அனுப்பி, தாய் நிறுவன வங்கிக் கணக்கில் இன்னும் வரவாகாத பணம். 30 என்பது கடைசி நாளில் பில் போட்டு அனுப்பி, வழியில் இருக்கும் சரக்கு. மிச்சம் 8, தாய் நிறுவனம் போட்ட நிர்வாகக் கட்டணம். "இதை நாங்கள் ஒப்புக்கொள்ளவே இல்லை" என்று துணை நிறுவனம் பதிவு செய்யாமல் வைத்திருந்தது.

12 சுலபம், வழியில் உள்ள பணம் என்று காட்டிவிடலாம். 30-இல் ஒரு வம்பு இருக்கிறது. அடக்கத்தின் மேல் 25% வைத்து விற்ற சரக்கு அது, எனவே குழுமத்துக்கு அதன் அடக்கம் 24 மட்டுமே. மீதி 6 லாபம், வெளியார் யாருக்கும் விற்காத லாபம். 8-ஐப் பொறுத்தவரை யார் சொல்வது நியாயம் என்பது தனித்தனிக் கணக்குகளுக்கு முக்கியம். குழுமத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தாய் நிறுவனம் வருமானத்தைத் திருப்பினாலும் சரி, துணை நிறுவனம் செலவைப் பதிந்தாலும் சரி, ஒருங்கிணைந்த லாபம் 8 குறைந்தே ஆகவேண்டும்.

ஆக அந்த "ஒன்றுமே இல்லாத" 50-இல் 36 நிஜமான சொத்து, 14 இல்லாத லாபம். சொத்தோடு ஒப்பிட்டுச் சிறியது என்று சொன்னவர்கள் லாபத்தோடு ஒப்பிட மறந்துவிட்டார்கள். அந்த ஆண்டு லாபம் மெலிந்து போயிருந்ததால் 14 உறுத்தும் அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

தணிக்கைக்காரி

பேரேட்டுவாசி சார் சொன்ன 6-ஐ நானும் பல வடிவங்களில் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் 7.5 என்று வந்து நிற்கும். 30-இல் 25% என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். அடக்கத்தின் மேல் 25% என்றால் விற்பனை விலையில் 20% தானே? துணை நிறுவனத்தின் சரக்கிருப்பு விற்பனை விலையில் இருப்பதால் 25/125 தான் எடுக்கவேண்டும். நான் எந்தக் குழுமத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது, "உங்கள் சதவீதம் எதன் மேல்?" என்பதைத்தான். விலைக்கொள்கை ஆவணம் எழுதுபவர் ஒருவர், ஒருங்கிணைக்கும் விரிதாளை வைத்திருப்பவர் இன்னொருவர். இருவரும் ஒரு நாள்கூடப் பேசியிருக்கமாட்டார்கள்.

புதிதாக வருபவர்களுக்காக ஓர் உதாரணம். தாய் நிறுவனம் 100 அடக்கமுள்ள சரக்கை 125-க்குத் துணை நிறுவனத்துக்கு விற்கிறது. துணை நிறுவனம் அதில் 60% வெளியே விற்றுவிட்டது, 40% கையிருப்பு. விற்பனையிலிருந்து 125, விற்ற சரக்கின் அடக்கத்திலிருந்து 125 இரண்டையும் கழிக்கிறோம். அப்புறம் கையிருப்பு 50-இல் உள்ள லாபம் 10-ஐச் சரக்கிலிருந்து குறைத்து, விற்ற சரக்கின் அடக்கத்தில் ஏற்றுகிறோம். இவ்வளவுதான், எல்லோருக்கும் தெரியும்.

தெரியாமல் போவது அடுத்த ஆண்டு. ஒருங்கிணைக்கும் ஜர்னல் எந்த நிறுவனத்தின் பேரேட்டிலும் ஏறுவதில்லை. எனவே புத்தாண்டில் தாய் நிறுவனத்தின் தொடக்க லாபத்தில் (முந்தைய ஆண்டுகளிலிருந்து சேர்ந்து வந்த லாபம்) அந்த 10 மீண்டும் முளைத்து நிற்கும். தொடக்க லாபத்தில் 10 குறைத்து, இந்த ஆண்டின் அடக்கத்தில் 10 குறைக்கவேண்டும், சரக்கு இப்போது வெளியே போய்விட்டதால். பழைய ஆண்டின் விரிதாளைப் பூட்டிவைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும் இடங்களில் தொடக்க இருப்பு சென்ற ஆண்டின் இறுதி இருப்போடு ஒத்துப்போகாமல் திணறுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இன்னொன்று, எதிர்த்திசை விற்பனை. துணை நிறுவனம் தாய்க்கு விற்கிறது, துணையில் 20% பங்கு வெளியார் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தேறாத லாபம் (வெளியாருக்கு இன்னும் விற்காத சரக்கில் உள்ள லாபம்) 10 என்றால் 10-ம் போகும். தாய்க்கு 80% தானே சொந்தம் என்று 8-ஐ மட்டும் நீக்கக்கூடாது. அந்த 10-இல் 2-ஐச் சிறுபான்மைப் பங்குதாரர் பங்கிலிருந்து குறைப்பது பரவலான வழக்கம். லாபம் துணை நிறுவனத்தில் பிறந்ததால் அதன் பங்குதாரர் எல்லோரும் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பது தர்க்கம். தாயிலிருந்து துணைக்குப் போன சரக்கில் இந்தப் பிரிப்பு வராது. ஒரே விரிதாளில் இரண்டு திசையையும் ஒரே நெடுவரிசையில் கொட்டிவைத்திருந்த ஓர் இடத்தைப் பார்த்தேன். மொத்தம் சரியாக இருந்தது, பங்கீடு முழுக்கத் தவறு.

ஜர்னல் ஜமீன்

சரக்காவது ஓராண்டில் தீர்ந்துவிடும். இயந்திரத்தை விற்றுப் பாருங்கள்.

நான் சேர்ந்த இடத்தில் முந்தையவர் விட்டுச் சென்ற வரி ஒன்று ஒருங்கிணைப்புத் தாளில் இருந்தது: "மெ. விற்பனை, 40, தொடரவும்". என்ன மெஷின், எத்தனை ஆண்டு தொடரவேண்டும், ஒன்றும் இல்லை. தோண்டியதில் கிடைத்தது இது: முதலில் 200-க்கு வாங்கிய இயந்திரம். 120 தேய்மானம் போய் 80-இல் நின்றபோது துணை நிறுவனத்துக்கு 120-க்குக் கைமாறியிருக்கிறது. மீதி ஆயுள் 4 ஆண்டு.

லாபம் 40-ஐ நீக்கியது சரி. ஆனால் துணை நிறுவனம் 120-ஐ 4 ஆண்டில் பிரித்து ஆண்டுக்கு 30 தேய்மானம் போடுகிறது. குழுமத்துக்கு 80-ஐப் பிரித்து 20 தான் போகவேண்டும். ஆண்டுதோறும் 10 திரும்பி வரவேண்டும். 40-ஐ அப்படியே தொடர்ந்துகொண்டே போனதில் சொத்தும் லாபமும் ஆண்டுக்கு ஆண்டு குறைவாகக் காட்டப்பட்டிருந்தன. ஆயுள் முடிந்த இயந்திரத்துக்கும் எதிரே 40 நின்றிருக்கும், யாரும் கேட்காவிட்டால்.

நிகர மதிப்பைச் சரிசெய்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். நிலையான சொத்து அட்டவணையில் மொத்த விலை 200 ஆகவும் திரண்ட தேய்மானம் 120 ஆகவும் திரும்ப நிறுத்தவேண்டும். துணை நிறுவனம் புதிதாக வாங்கியது போல 120-ஐச் சேர்க்கையில் காட்டியிருக்கும், தாய் நிறுவனம் 200-ஐக் கழித்ததில் காட்டியிருக்கும். இரண்டுமே குழுமத்தில் நடக்காதவை.

வாடகைக்கும் இதே கதைதான். தாய் நிறுவனம் தன் கட்டடத்தைத் துணைக்கு வாடகைக்கு விட்டு முதலீட்டுச் சொத்து (வாடகைக்கோ விலையேற்றத்துக்கோ வைத்திருப்பது) என்று வைத்திருக்கும். குழுமமாகப் பார்த்தால் சொந்தக்காரரே குடியிருக்கும் கட்டடம், சாதாரண நிலையான சொத்து. அதைச் சந்தை மதிப்பில் வைத்து ஏற்றத்தை லாபத்தில் எடுத்திருந்தால் அந்த ஏற்றமும் போகும்.

மூன்றாம் நெடுவரிசை

கடன் பக்கம் யாரும் வரவில்லையே. நான் வேறு வேறு நாணயங்களில் இயங்கும் குழுமங்களில் இருப்பவன், அதனால் என் புலம்பல் வேறு மாதிரி.

தாய் தன் நாணயத்தில் துணைக்குக் கடன் கொடுக்கிறது. துணையின் நாணயம் சரிகிறது, அதன் புத்தகத்தில் மாற்று நட்டம் ஏறுகிறது. இரு பக்க நிலுவையும் இம்மி பிசகாமல் பொருந்துகிறது, நீக்கியாகிவிட்டது. ஆனால் நட்டம் லாப நட்டக் கணக்கிலேயே உட்கார்ந்திருக்கிறது. "உள்குழுமக் கடனில் எப்படி நட்டம் வரும், அதையும் எடு" என்று இயக்குநர் குழுவில் கேட்காதவர் இல்லை. எடுக்கமுடியாது. ஒரு நாணயத்தை இன்னொன்றாக மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டதால் குழுமம் நிஜமாகவே அந்த ஆபத்தில் நிற்கிறது என்பது அந்நிய நாணயத்துக்கான சர்வதேசத் தரம் ஐஏஎஸ் 21-இன் நிலை. திருப்பித் தரும் திட்டமும் இல்லை, வாய்ப்பும் இல்லை என்றால் அந்தக் கடன் துணை நிறுவனத்தில் உள்ள நிகர முதலீட்டின் ஒரு பகுதி ஆகிறது. அப்போது ஒருங்கிணைந்த அறிக்கையில் வித்தியாசம் பிற முழுமை வருமானத்துக்கு (லாப நட்டக் கணக்குக்கு வெளியே காட்டும் வருமானம்) போகும். சரக்கு விற்ற பாக்கிக்கு இந்தச் சலுகை கிடையாது, எவ்வளவு பழைய பாக்கியாக இருந்தாலும். நாணயம் சரிந்த பிறகு, "இதைத் திருப்பிக் கேட்கும் எண்ணமே எங்களுக்கு எப்போதும் இருந்ததில்லை" என்று தயாரிக்கப்படும் தீர்மானங்களைத் தணிக்கைக்காரி மேடம் நிறையப் பார்த்திருப்பார்.

அடுத்தது வாராக்கடன் ஒதுக்கீடு. தனிக் கணக்கில், நிதிக் கருவிகளுக்கான ஐஎஃப்ஆர்எஸ் 9 படி துணை நிறுவனக் கடனுக்கும் எதிர்பார்க்கும் நட்டத்தை ஒதுக்கவேண்டும். ஒருங்கிணைக்கும்போது கடனை நீக்குகிறோம், ஒதுக்கீடு தனியாக வேறு கணக்குக் குறியீட்டில் இருப்பதால் தப்பித்துக்கொள்கிறது. இல்லாத கடனுக்கு எதிரே 60 ஒதுக்கீடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மென்பொருள் இரு பக்க நிலுவையையும் பொருத்திப் பச்சை விளக்குக் காட்டும். ஒதுக்கீட்டுக்கு எதிர்ப்பக்கமே கிடையாதே, அது எதோடு பொருத்தும்?

வட்டியிலும் ஒன்று. துணை நிறுவனம் ஆலை கட்டிக்கொண்டிருக்கிறது, தாய்க்குக் கொடுத்த வட்டியை ஆலையின் விலையில் ஏற்றியிருக்கிறது. தாயின் வட்டி வருமானத்தை நீக்கப்போனால் துணையில் எதிரே வட்டிச் செலவே இல்லை, அது ஆலைக்குள் போய்விட்டது. வெளியிலிருந்து குழுமம் கடன் வாங்கவே இல்லையென்றால் ஆலையிலிருந்துதான் கழிக்கவேண்டும். தாய் வெளியே வாங்கி உள்ளே கொடுத்திருந்தால், வெளியே கொடுத்த வட்டி எவ்வளவு ஏற்கத்தக்கது என்று தனியாகப் பார்க்கவேண்டும்.

இருப்புநிலை

வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேடம் சொன்ன தேறாத லாபம் 10-க்கு விற்றவர் ஏற்கெனவே வரி கட்டிவிட்டார். விற்றவர் நாட்டில் 30%, வாங்கியவர் நாட்டில் 20% என்று வைப்போம். வருமான வரிக்கான ஐஏஎஸ் 12 படி ஒத்திவைக்கப்பட்ட வரிச் சொத்து (பின்னால் வரியில் குறையப்போகும் தொகை) 2, சரக்கு இப்போது வாங்கியவர் கையில் இருப்பதால் அவருடைய விகிதம். கட்டியது 3. லாபமே இல்லாத இடத்தில் 1 வரிச் செலவு. அமெரிக்க விதியில் சரக்குக்கு மட்டும் விற்றவர் கட்டிய 3-ஐ அப்படியே தள்ளிவைப்பார்கள். சரக்கு அல்லாத சொத்துகளுக்கும் முன்பு அப்படித்தான் இருந்தது, 2016-இல் வந்த திருத்தம் அதை எடுத்துவிட்டது. இரு விதிமுறைகளிலும் அறிக்கை கொடுக்கும் குழுமங்களில் ஒரே சரக்குக்கு இரண்டு பதில்.

ஈவுத்தொகையை நீக்கும்போது அதில் பிடித்த வரியையும் சேர்த்து நீக்கிவிடுகிறார்கள். அந்தப் பணம் அரசுக்குப் போய்விட்டது, குழுமத்துக்குள் இல்லை. திரும்பக் கிடைக்காது என்றால் அது செலவாகவே நிற்கும்.

பேரேட்டுவாசி

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: யார் குழுமத்துக்குள், யார் வெளியே? வெளியே என்று வைத்துவிட்டால் மேலே எழுதிய எதுவும் தேவையே இல்லை, எல்லா லாபமும் நிஜ லாபமாகிவிடும். அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் செய்தது அதைத்தான். ஜேஇடிஐ என்ற கூட்டு அமைப்பில் என்ரானின் கூட்டாளி வைத்திருந்த பங்கை 1997-இல் செவ்கோ என்ற அமைப்பு வாங்கியது. வெளியார் முதலீடு குறைந்தது 3% இருந்தால் ஒருங்கிணைக்கவேண்டாம் என்பது அன்றைய நடைமுறை, செவ்கோவில் அதுகூட இல்லை. ஜேஇடிஐ வைத்திருந்த என்ரான் பங்குகளின் விலை ஏறியதைக்கூட என்ரான் தன் வருமானமாகக் காட்டியது. 2001 நவம்பரில் இரண்டையும் உள்ளே கொண்டுவந்து கணக்கைத் திருத்தியபோது முந்தைய ஆண்டுகளின் லாபத்தில் 40 கோடி டாலருக்கு மேல் போய்விட்டது. அடுத்த மாதமே திவால் மனு. அமெரிக்காவில் 2003 ஜனவரியில் எஃப்ஐஎன் 46 என்ற ஒருங்கிணைப்பு விதி வந்ததற்கு இது முக்கியக் காரணம். ஐஎஃப்ஆர்எஸ் 10-உம் பங்கு சதவீதத்தோடு நிற்காமல் அதிகாரம், மாறும் பலன் (அந்த அமைப்பின் லாப நட்டத்தைப் பொறுத்து ஏறி இறங்கும் வரவு), இரண்டுக்கும் உள்ள தொடர்பு மூன்றையும் பார்க்கச் சொல்கிறது.

புதுக்கணக்கு

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். எங்கள் துணை நிறுவனத்தின் ஆண்டு தாய்க்கு மூன்று மாதம் முன்பே முடிகிறது. அந்த இடைவெளியில் தாய் அனுப்பிய சரக்கு தாயின் விற்பனையில் இருக்கிறது, துணையின் கொள்முதலில் இல்லை. பொருந்தாமல்தானே நிற்கும்?

தணிக்கைக்காரி

நிற்கும். முதலில் அதே தேதிக்குக் கூடுதல் கணக்குத் தயாரிக்கமுடியுமா என்று பாருங்கள். அதற்கு வழியே இல்லை என்றால்தான் பழைய தேதிக் கணக்கை எடுக்கலாம், அதுவும் மூன்று மாதத்துக்கு மேல் போகக்கூடாது. அப்போதும் இடையில் நடந்த முக்கியமானவற்றைச் சரிக்கட்டவேண்டும். அந்த மூன்று மாதத்தின் உள்குழுமப் பேரேட்டை மட்டுமாவது துணை நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள், கூடவே ஈவுத்தொகை அறிவித்தார்களா என்றும் கேளுங்கள். சரக்கைத் தேடுவார்கள், ஈவுத்தொகையை யாரும் தேடமாட்டார்கள்.