பராதைரொயிட்டுக்கு ஒரு சொல், வெள்ளிக்கிழமைக்குள்

உப்புவெளியிலிருந்து:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். கழுத்தின் முன்பக்கம் உள்ள தைரொயிட் சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களிடம் கொடுக்க ஒரு துண்டுப்பிரசுரம் மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சு. ஒரு சொல்லில் மட்டும் நிற்கிறேன்.

தைரொயிட்டின் பின்பக்கம் ஒட்டினாற்போல் பெரும்பாலும் நான்கு சிறு சுரப்பிகள் இருக்கும், ஒவ்வொன்றும் அரிசிமணி அளவு. இரத்தத்தில் கல்சியம் இறங்கினால் எலும்பிலிருந்து எடுத்தும், சிறுநீரோடு போகாமல் தடுத்தும் சரிக்கட்டுபவை இவைதான். சத்திரசிகிச்சையில் இவையும் அடிபடலாம். பாடநூலில் 'பராதைரொயிட்' என்று இருக்கிறது. அதையே எழுதி ஓர் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அதுவும் தைரொயிட்தானே மகள், அதைத்தான் வெட்டி எடுத்தாச்சே. குளிசை போடுறன்" என்றார். அவர் போடுவது தைரொயிட் ஓமோனுக்கு ஈடான தைரொக்சின். கல்சியக் குறைவுக்கு அது மருந்தல்ல. கல்சியம் குறைந்து உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருந்தாலும், திருநீறு எடுப்பதுபோல் விரல்கள் தானாகக் குவிந்து இறுகினாலும் அவர் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார். தைரொயிட் என்ற சொல்லே இல்லாத பெயர் வேண்டும்.

தம்பலகாமத்திலிருந்து:

மகள், தாய்ச் சுரப்பிக்குத் தமிழ்ப் பெயர் இல்லாமல் பிள்ளைக்கு எப்படி வைப்பது? தைரொயிட் என்று 1656 இல் ஆங்கில மருத்துவர் தோமஸ் வார்ட்டன் வைத்த பெயர் கிரேக்கக் கேடயத்திலிருந்து வந்தது. அந்தக் கேடயச் சொல்லுக்கு வேர் கதவு. கதவுபோல் நீண்ட கேடயம். ஆனால் கேடயம் வடசொல். நம்மிடம் தோல், பலகை, கிடுகு என்று மூன்று இருக்கின்றன. 'தோற்சுரப்பி' என்றால் உடம்புத் தோலோடு குழம்பும். 'பலகைச்சுரப்பி' காதுக்கு இதமில்லை. பட்டினப்பாலையில் கிடுகு நிரைத்து வேல் ஊன்றிய நடுகல் அரண் நினைவிருக்கும். ஆகவே கிடுகுச்சுரப்பி. சிறியவை துணைக்கிடுகு. கண்டக்கழலை என்று அது வீங்கும் நோய்க்குச் சொல் இருக்கும் மொழியில் உறுப்புக்கு ஏன் கடன் வாங்கவேண்டும்?

மூதூரிலிருந்து:

ஐயா, பட்டினப்பாலை எனக்கும் உயிர். ஆனால் நம் பக்கத்தில் கிடுகு என்றால் பின்னிய தென்னோலை. என் குசினிக்குப் பின்னால் இப்போதும் அடுக்கி இருக்கிறது. நோயாளிக்கும் அதுதான் நினைவுக்கு வரும்.

இன்னொன்று. கேடயம்போல் இருப்பது குரல்வளைக் குருத்தெலும்பு. பக்கத்தில் இருந்ததால் சுரப்பிக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சுரப்பியின் உருவம் வண்ணத்துப்பூச்சி. வேரை மொழிபெயர்த்தால் பிழையும் கூடவே வரும். மூளைக்கு அடியில் இருக்கும் கபச்சுரப்பியைப் பாருங்கள். அது சளி சுரக்கிறது என்று ஐரோப்பாவில் ஒருகாலத்தில் நம்பியதை நாம் தமிழில் எழுதிவைத்திருக்கிறோம். "டீச்சர், தடிமன் வந்தா இதுவா சுரக்குது?" என்று என் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது. பிழை பிள்ளையிடம் இல்லை. 1880 இல் சுவீடனைச் சேர்ந்த இவார் சாண்ட்ஸ்ட்ரோம் இந்தச் சிறு சுரப்பிகளுக்குத் தைரொயிட்டின் 'பக்கத்தில் இருப்பது' என்று பெயர் வைத்தபோது இவற்றின் வேலை யாருக்கும் தெரியாது. நமக்குத் தெரியும். கல்சியச் சுரப்பி என்றே வைப்போம்.

சென்னையிலிருந்து:

இங்கே இணைத்தைராய்டு என்றும் எழுதுகிறார்கள். 'இணை' என்றால் சோடி, இவையோ நான்கு. அதனால் எனக்கும் அதில் நிறைவில்லை. ஆனால் 'கல்சியச் சுரப்பி'யும் சரிவராது. உமிழ்நீர்ச் சுரப்பி உமிழ்நீரைச் சுரக்கிறது. இவை கால்சியத்தைச் சுரப்பதில்லையே. போதாததற்குத் தைராய்டும் கால்சிட்டோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது, அது கால்சியத்தைக் குறைப்பது. அப்புறம் ஒரு சந்தேகம். உப்புவெளி என்ற பெயரைப் பார்த்ததும் கேட்கத் தோன்றியது. கடலோரத்தில் கழலை வராது என்கிறார்களே?

மூதூரிலிருந்து:

அயடீன் குறைந்தால் கழலை வரும். கடலுப்பில் இயல்பாக உள்ள அயடீன் மிகக் குறைவு, அண்ணா. உப்பளம் பக்கத்தில் இருந்தாலும் அயடீன் சேர்த்த உப்புத்தான் வாங்கவேண்டும்.

உப்புவெளியிலிருந்து:

சரி, பொழுது போய்விட்டது. டீச்சர் சொன்னதையும் அண்ணா சொன்ன தடையையும் சேர்த்து 'கல்சியம் காக்கும் சுரப்பிகள்' என்று எழுதிவிட்டேன். பாடநூற்சொல் ஒரே ஒரு இடத்தில், சிறிய எழுத்தில் வரும். பதில் போட்டவர்களில் ஐயாவைத் தவிர எல்லோரும் ஒத்துக்கொண்டீர்கள். அந்த அம்மாவுக்கு மறுபடி வாசித்தேன். "அப்ப கல்சியம் குறைஞ்சா எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார். முதல் தடவை அவர் கேட்காமல் விட்ட கேள்வி இதுதான்.

தம்பலகாமத்திலிருந்து:

அது விளக்கம் மகள், சொல்லல்ல. 'காக்கும்' என்ற பெயரெச்சத்தை வைத்துக்கொண்டு நாளைக்கு அந்தச் சுரப்பியின் ஓமோனுக்கு என்ன பெயர் சொல்வீர்கள்? குறைசுரப்பு, மிகைசுரப்பு என்று நோய்களை எப்படிப் புணர்த்துவீர்கள்? துண்டுப்பிரசுரம் அச்சுக்குப் போகட்டும், அந்த அம்மாவுக்கு விளங்கியது பெரிய காரியம். கலைச்சொல் பட்டியலில் மட்டும் இதைச் சேர்க்கவேண்டாம். கிடுகை நான் இன்னும் கைவிடவில்லை.