அஃபீஷியல் ஃபேக்ஷன்களோடு உங்களுக்கு நேர்ந்தவை: அனுபவப் பகிர்வு

ராக்குருவி எழுதியது:

ஆன்லைன் ஆர்பி கேம்களில், அதாவது ஒரு கேரக்டராகவே நடித்து விளையாடும் ரோல்பிளே கேம்களில், ஒரு குழுவுக்கு (ஃபேக்ஷன்) 'அஃபீஷியல்' என்று அட்மின்கள் முத்திரை குத்திவிட்டால் அந்த சர்வரின் குணமே மாறிவிடுகிறது. அது போலீஸ், ராணுவம், கடத்தல் கும்பல், ஆஸ்பத்திரி என எதுவாக இருந்தாலும் சரி. உங்கள் கேரக்டருக்கு நேரில் நடந்ததை எழுதுங்கள். பெயர் சொல்லித் திட்ட வேண்டாம். நானே தொடங்குகிறேன்.

நான் ஃப்ரீலான்சர் ஆள். 2003இல் டிஜிட்டல் அன்வில் உருவாக்கி மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்வெளி கேம் அது. கம்பெனி எப்போதோ கைகழுவிவிட்டது. டிஸ்கவரி என்ற மோட், அதாவது ரசிகர்கள் செய்த மாற்றுப் பதிப்புதான் அதை இத்தனை காலம் உயிரோடு வைத்திருக்கிறது, அதன் சர்வரில் ஆர்பி கட்டாயம். கதை தெரியாதவர்களுக்கு: சூரியக் குடும்பத்தைவிட்டு ஐந்து கப்பல்களில் தப்பி வந்தவர்கள் சிரியஸ் என்ற பகுதியில் லிபர்ட்டி, பிரிட்டோனியா, குசாரி, ரைன்லாந்து என்று நாடுகள் அமைத்தார்கள். அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஜெர்மனியின் சாயல் கொண்டவை. ஐந்தாவது கப்பலான ஹிஸ்பானியா போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. அதில் பிழைத்தவர்களின் வம்சம்தான் மால்டா கோளின் அவுட்காஸ்ட்டுகளும் கிரீட் கோளின் கோர்சேர்களும்.

டிஸ்கவரியில் லிபர்ட்டி போலீஸாகப் பறக்க எந்தக் குழுவிலும் சேர வேண்டியதில்லை. கப்பலில் அந்த அடையாள அட்டையை மாட்டினால் போதும். அப்படிப் பறப்பவர்களை இண்டி என்போம். அதே போலீஸுக்கு ஓர் அஃபீஷியல் குழுவும் இருக்கும். பெயரில் டேக், பதவி வரிசை, சேர விண்ணப்பம், சர்வரின் பெருங்கதை எந்தப் பக்கம் போகலாம் என்பதில் ஒரு சொல் எல்லாம் அவர்களுக்கு உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இது வெறும் அந்தஸ்து மாதிரி தெரியும். எனக்கும் நீண்ட காலம் அப்படித்தான் தெரிந்தது.

என் கேரக்டர் கார்டமைன் கடத்துபவன். மால்டாவில் விளையும் ஆரஞ்சு நிறச் சரக்கு அது. ஒருமுறை பழகிவிட்டால் அது இல்லாமல் உடம்பு தாங்காது. லிபர்ட்டியில் தடை, அதனால் அங்கேதான் விலை. லிபர்ட்டியின் நியூயார்க் சிஸ்டத்தில் (நட்சத்திர மண்டலம்), பழைய இரும்பு வியாபாரிகளான ஜங்கர்களின் ரோச்செஸ்டர் தளத்தில் இறக்குவது வழக்கம். கப்பலை வேகமாகக் கொண்டுபோகும் வளையங்களின் வரிசையான டிரேட் லேனில் போனால் சீக்கிரம் போய்விடலாம், ஆனால் யாராவது வளையத்தைச் சுட்டால் நடுவழியில் வெளியே தள்ளப்படுவோம். அதனால் லேனைவிட்டு விலகி, மெதுவாக, இடிபாடுகளின் ஓரமாகவே போவேன்.

அந்த வழியில் இண்டி போலீஸ் என்னைப் பிடித்ததுண்டு. "சரக்கைக் கொட்டு, இல்லாவிட்டால் சுடுவேன்" என்று ஒரு வரி வரும். விதிப்படி அது போதும், சுடுவதற்கு முன் பேசியாக வேண்டும் என்பதை அவர் நிறைவேற்றிவிட்டார். நான் கொட்டுவேன் அல்லது சாவேன். அடுத்த நாள் அதே ஆள் என்னைப் பார்த்தால் முதல்முறை பார்ப்பதுபோல அதே வரி. அவரைக் குறை சொல்லவில்லை. அவர் தனி ஆள், நினைவில் வைத்துக்கொள்ள அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

அஃபீஷியல் குழுவின் ரோந்துக் கப்பல் பிடித்தபோது நடந்தது வேறு. ஸ்கேன் செய்தார்கள், சரக்கு தெரிந்துவிட்டது. அந்த அதிகாரி சுடவில்லை. "இந்தக் கப்பல் எண் இந்த மாதம் எங்கள் பதிவேட்டில் வருவது முதல் தடவை இல்லை" என்றார். முன்பு எங்கே பார்க்கப்பட்டேன், யாரோடு பறந்தேன் என்பதெல்லாம் அவரிடம் இருந்தது. எல்லாமே கேமுக்குள் அவர்கள் ஆட்கள் கண்ணால் பார்த்து எழுதி வைத்தவை, வெளியே கேட்டுத் தெரிந்துகொண்ட மெட்டாகேமிங் ஒரு துளியும் இல்லை. பிறகு இரண்டு வழி சொன்னார். சரக்கைக் கொட்டி அபராதம் கட்டலாம். அல்லது சரக்கோடு போகலாம், ஆனால் ரோச்செஸ்டரில் யார் வாங்குகிறார்கள் என்று தகவல் தர வேண்டும்.

என் கேரக்டர் இரண்டாவதை எடுத்தான். அதற்கப்புறம் அவன் வெறும் கடத்தல்காரன் இல்லை, இரண்டு பக்கமும் பொய் சொல்லிப் பிழைப்பவன். போலீஸிலிருந்து அவன் கோப்பு உளவுப் பிரிவான எல்எஸ்எஃப் பக்கம் போனது. அங்கிருந்து வேறொரு வீரர், வேறொரு குரலில், பழைய உரையாடல்களைப் படித்துவிட்டு வந்து பேசினார். மால்டா பக்கத்துக் குழு சந்தேகப்பட்டு "போன தடவை நீ மட்டும் எப்படி அபராதம் இல்லாமல் வந்தாய்?" என்று விசாரித்தது. அந்த ஒரு கேள்விக்குப் பதில் தட்டும்போது கை நடுங்கியது, உண்மையாகவே. அவர்களும் கணக்கு வைத்திருந்தார்கள் என்பதுதான் காரணம்.

என்னைப் பொறுத்தவரை அஃபீஷியல் குழுவின் வேலை இதுதான். பறப்பவர்கள் வருவார்கள், போவார்கள், சலித்துப்போய்க் கணக்கையே அழிப்பார்கள். என் கேரக்டர் நேற்று என்ன செய்தான் என்பதை அந்த உலகம் மறக்காமல் இருக்க ஒரு அமைப்பு வேண்டும்.

---

கடலோடி எழுதியது:

ராக்குருவி, உங்கள் கடைசிப் பத்தியோடு ஒத்துப்போகிறேன், ஆனால் அதற்கு அட்மின் முத்திரை அவசியமா என்பதில் எனக்கு வேறு அனுபவம். நான் விளையாடுவது ஈவ் ஆன்லைன், அதுவும் விண்வெளி கேம்தான். ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003இல் தொடங்கியது. அங்கே வீரர்களின் குழு எதற்கும் 'நீங்கள்தான் அதிகாரபூர்வம்' என்று யாரும் பட்டம் கொடுப்பதில்லை. 2008இல் கதைப் பேரரசுகளின் போரில் வீரர்கள் சேர வழி வந்தது, அதுவும் யார் வேண்டுமானாலும் சேரலாம் என்ற வகைதான்.

இருந்தும் பிராவிடன்ஸ் பகுதிக்கு முதலில் போனபோது நான் பார்த்தது ஒரு அரசாங்கம். அமார் பேரரசுக்கு விசுவாசமானவர்கள் என்ற கதையோடு அந்தப் பகுதியை நீண்ட காலம் வைத்திருந்த கூட்டணி சிவிஏ. ஈவில் சட்டம் இல்லாத பகுதிகளில் பொது வழக்கம், நம்மவர் இல்லை என்றால் சுடு. சிவிஏ அதற்கு நேர்மாறு: எதிரி என்று பட்டியலில் இருந்தால் மட்டும் சுடு. அந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும்படி பொதுவில் வைத்திருந்தார்கள்.

சரக்குக் கப்பலோடு ஒரு கேட்டில் (சிஸ்டங்களை இணைக்கும் வாசல்) இறங்கியதும் ஒருவர் என்னை லாக் செய்தார், அதாவது சுடக் குறிவைத்தார். முடிந்தது கதை என்று நினைத்தேன். சில நொடிகள். லாக் விலகியது. அந்த சிஸ்டத்தின் பொது சாட்டான லோக்கலில் "பட்டியலில் பெயர் இல்லை, நல்லபடியாகப் போய் வாருங்கள், அடுத்த சிஸ்டத்தில் கொள்ளையர் நடமாட்டம் இருக்கிறது" என்று எழுதினார். அந்த விளையாட்டில் முன்பின் தெரியாதவன் ஒருவன் என்னைச் சுடாமல் விட்டது அதுவே முதல்முறை. அந்தக் கொள்கையால் அவர்கள் எத்தனை கப்பல்களை இழந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எதிரில் நின்றவர்களும் சும்மா இல்லை. அமாரிடம் சிக்கிய மின்மடார் இன அடிமைகளை விடுவிக்க வந்தோம் என்று கதையோடு வந்து மோதிய உஷ்ராகான் போன்ற கூட்டணிகள் இருந்தன.

நிறுவனமும் ஒதுங்கி நிற்கவில்லை. 2016இல் அமார் அரியணைக்கு அடுத்து யார் என்பதை வீரர்களே வாரிசுகளின் சார்பில் மோதித் தீர்மானித்தார்கள். கேட்டிஸ் டாஷ்-முர்கோன் பேரரசியாக முடிசூடியது அந்தப் போட்டியின் முடிவால்தான். எந்தக் குழுவுக்கும் நிரந்தரச் சலுகை தராமல், மோதலின் முடிவை மட்டும் கதைக்குள் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது.

---

வெள்ளைக்கோட்டு எழுதியது:

ராக்குருவி அண்ணா, பெரிய போர், பேரரசி அளவுக்கு என்னிடம் கதை இல்லை. நான் ஜிடிஏ ஃபைவ்எம்மில் (ஜிடிஏ ஃபைவ் கேமைத் தனி சர்வர்களில் விளையாட வைக்கும் மோட்) தமிழில் பேசி விளையாடும் ஒரு சர்வரில் ஈஎம்எஸ்ஸில், அதாவது அவசர மருத்துவக் குழுவில் இருந்தேன். அட்மின்கள் நேரடியாகப் பார்த்துக்கொள்ளும் ஃபேக்ஷன், விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி எல்லாம் உண்டு. பில்பாக்ஸ் ஹில் ஆஸ்பத்திரிதான் வீடு மாதிரி.

மெடிக்காகச் சேருபவர்கள் முதலில் தெரிந்துகொள்வது, ஒரு பட்டனைத் தட்டினால் ஆள் எழுந்துவிடுவார் என்பது. உண்மையில் ஸ்கிரிப்ட் அவ்வளவுதான். கூட்டம் அதிகமான இரவில் எல்லாரும் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள், "அக்கா சீக்கிரம் எழுப்புங்க, சேஸ் போயிட்டிருக்கு" என்பார்கள். எங்கள் சீஃப் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒவ்வொரு நோயாளிக்கும் கோப்பு எழுதியாக வேண்டும் என்பார். எங்கே அடிபட்டது, எப்படி என்று சொன்னார், கூட யார் வந்தார்கள், அடுத்து எப்போது வரச் சொன்னோம். ஆரம்பத்தில் வெறும் எழுத்துவேலை என்றே தோன்றியது.

ஒரு பையன் அடிக்கடி பைக்கிலிருந்து விழுந்து வருவான். ஆளுக்கு நண்பர்கள் யாரும் இல்லை என்பது பேச்சிலேயே தெரியும், சர்வருக்குப் புதுசு. நான் முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுப்பதுபோல நடித்து, தசைநார் கிழிந்திருக்கிறது, ஒரு வாரம் ஓடக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். கோப்பில் எழுதினேன். அடுத்த ஷிஃப்டில் வேறொரு மெடிக். பையன் கையில் அடிபட்டு வந்திருக்கிறான். அவர் கோப்பைப் பார்த்துவிட்டுக் கையைத் தொடும் முன் "முழங்கால் எப்படி இருக்கு தம்பி? பைக் ஓட்டக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்களே?" என்று கேட்டிருக்கிறார்.

பிறகு அந்தப் பையன் என்னிடம் ஓஓசியில் (கேரக்டராக இல்லாமல் நேரடியாக) சொன்னான், இந்த சர்வரில் தன்னை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டது அன்றுதான் என்று. அதற்கப்புறம் அவன் முழங்காலை மறக்கவே இல்லை. போலீஸ் துரத்தும்போதும் நொண்டிக்கொண்டே ஓடுவான், பிடிபடுவான், சிரிப்பான். அந்த நொண்டலைப் பார்த்து ஒரு கும்பல் அவனுக்குப் பட்டப்பெயர் வைத்து, கூடவே சேர்த்துக்கொண்டது. எங்கள் எதிரிப் பக்கம் போய்விட்டான் என்று எனக்கு வருத்தமெல்லாம் இல்லை, சந்தோஷம்தான்.

இந்த வேலையை இண்டி யாரும் தனியாகச் செய்ய முடியாது. ஆள் மாறினாலும் கோப்பு மாறாமல் இருக்க ஒரு நிர்வாகம் வேண்டும். அந்த விஷயத்தில் நான் ராக்குருவி அண்ணா பக்கம், கடலோடி அண்ணா மன்னிக்கணும்.

---

தெற்குமுனை எழுதியது:

எல்லாரும் நல்லதையே சொல்கிறீர்கள். மறுபக்கமும் பதிவாகட்டும்.

சாம்ப், அதாவது ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் கேமின் மல்ட்டிபிளேயர் மோட் காலத்தில், பேசாமல் தட்டச்சிலேயே நடிக்கும் ஒரு டெக்ஸ்ட் ஆர்பி சர்வரில் சின்ன கும்பல் நடத்தினோம். ஆயுத வரத்து முழுக்க அஃபீஷியல் அந்தஸ்து உள்ள கும்பல்களுக்கு மட்டும். மற்றவர்கள் அவர்களிடம்தான் வாங்க வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, கதைக்குள் பேரம் பேசலாம், ஏமாற்றலாம், திருடலாம். ஆனால் ஒரு தெருச் சண்டையில் பெரிய கும்பல் ஒன்று எங்களிடம் தோற்றது. அடுத்த வாரம் எங்கள் அஃபீஷியல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. முடிவெடுக்கும் குழுவில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் அந்தக் கும்பலின் தலைவர். எங்கள் ஸ்கிரீன்ஷாட்கள், கேரக்டர்களின் பின்கதைகள் எதையும் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. கேரக்டர் தோற்றதற்கு வீரர் பழிவாங்கினார்.

கோப்பு, பட்டியல், பதிவேடு எல்லாம் நல்லதுதான். வைத்திருப்பவர் கேமுக்கு வெளியேயும் நீதிபதியாக இருந்தால் அதே கோப்பு பகைக் கணக்காகிவிடும். ஃபேக்ஷன் தலைவர், ஃபேக்ஷன்களை நிர்வகிக்கும் அட்மின், இந்த இரண்டு நாற்காலியிலும் ஒரே ஆள் உட்காரக் கூடாது. இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

இன்னொன்று, நேரம். ஐரோப்பிய சர்வர்களில் கூட்டம் சேர்வது அங்கே சாயங்காலம், நமக்கு நள்ளிரவு தாண்டி. ஆக்டிவிட்டி கணக்கைப் பார்த்து அந்தஸ்தைப் பறிக்கும் இடங்களில் நம் ஆட்கள் தூக்கத்தை விற்றுத்தான் பதவியில் இருக்க முடிகிறது.

---

ராக்குருவி எழுதியது:

தெற்குமுனை, இரண்டு நாற்காலி விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். விண்ணப்பத்தைப் பார்ப்பவர் அந்தப் பகுதியில் பறக்காதவராக இருக்க வேண்டும், நிராகரித்தால் காரணம் எழுத்தில் வர வேண்டும். இந்த இரண்டையும் கேட்டு வாங்குங்கள், தராத சர்வரில் குழு கட்டாதீர்கள்.

நேரப் பிரச்சினைக்கு ஒன்று சொல்லலாம். டிஸ்கவரியில் காலியா என்ற இன்னொரு நாட்டின் படை பிரிட்டோனியாவின் லீட்ஸ் வரை வந்த காலத்தில், எங்கள் காலை நேரத்தில் சர்வர் காலியாகக் கிடக்கும். அஃபீஷியல் பிரிட்டோனியக் குழுவில் ஒருவர் அதைச் சாக்காகச் சொல்லாமல், ஆசிய நேரத்தில் பறக்கும் இண்டி வணிகர்களுக்கு வேலை கொடுத்தார். ராத்திரி நடந்த சண்டையில் சேதமானதற்கு மாற்றுச் சரக்கு, மருந்து, எரிபொருள் இவற்றைக் காலையில் யார் கொண்டுவந்து இறக்கினாலும் அவர்கள் கப்பல் பெயர் அன்றைய போர்ச் செய்தியில் வரும். துப்பாக்கியே தொடாத என் இன்னொரு கேரக்டரின் பெயர் அப்படித்தான் அந்தப் போரில் ஏறியது. நான் அந்தக் குழுவில் சேரவே இல்லை, யாரும் சேரச் சொல்லவும் இல்லை.

வெள்ளைக்கோட்டு, அந்தப் பையனின் பட்டப்பெயர் என்ன என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. கடலோடி, அந்தப் பட்டியலில் தவறாகப் பெயர் ஏறிவிட்டால் எடுக்கவைப்பது எப்படி என்று முடிந்தால் எழுதுங்கள். காலியா பக்கம் பறந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், லீட்ஸை அந்தப் பக்கத்திலிருந்து எப்படிப் பார்த்தீர்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆசை.